தொட்டியில் ஆர்கிட்: வாங்கும் முன் தெரிஞ்சுக்குவோம், வாங்கினால் வாழ வைப்போம்



தாம்பரம், முடிச்சூர், மண்ணிவாக்கம், அகரம்தென், மாடம்பாக்கம் பக்கமுள்ள குழுக்களில் பூச்செடி வளர்த்து விற்கும் உறுப்பினர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து ஒரே மாதிரியான கேள்வி நமக்கு வந்துகொண்டிருக்கிறது. "அக்கா, செருப்பு மாதிரி ஒரு பூவாம், லேடீஸ் ஸ்லிப்பர்னு பேராம். பனியிலேயே தாங்குற செடியாம். தொட்டியில வெச்சு வெளியிலேயே விடலாமாம். ஒரு செடி நல்ல விலைக்குப் போகுமாமே, குழுக் கடன்ல வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள்.

கேள்வியில் கடன் வந்துவிட்டதால் பதிலை விளக்கமாகவே சொல்லிவிடுகிறோம். அந்தச் செருப்புப் பூ நம்ம ஊரில் வராது. ஆனால் ஆர்கிட் வகையிலேயே நம் வெயிலைத் தாங்கி, தொட்டியில், வீட்டு வாசலில் பூக்கும் வேறு செடி இருக்கிறது. எது வராது, ஏன் வராது, எது வரும், எப்படி வளர்ப்பது, கடன் வாங்கலாமா என்று வரிசையாகப் பார்ப்போம்.

ஆர்கிட் என்றால் என்ன?

கல்யாண மேடையில் ஊதாவும் வெள்ளையும் கலந்து, ஒரே காம்பில் வரிசையாகப் பூத்து, நாலைந்து நாள் ஆனாலும் வாடாமல் நிற்கும் பூவைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஆர்கிட். உலகில் 25,000 வகைக்கு மேல் இருக்கின்றன. இந்தியாவில் மட்டும் சுமார் 1,250 வகைகள் இயற்கையாக வளர்கின்றன. ஐஸ்கிரீமில் போடும் வெனிலாவும் ஓர் ஆர்கிட் கொடியின் காயிலிருந்து வருவதுதான்.

இவற்றில் இரண்டு பிரிவை நாம் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, மண்ணில் வேர் விட்டு வளர்வது. இன்னொன்று, மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு வளர்வது. மரத்தில் வளர்வது புல்லுருவி மாதிரி மரத்தின் சாற்றை உறிஞ்சாது. உட்கார இடம் மட்டும்தான் அதற்கு வேண்டும். மழைநீரையும் பனியையும் காற்றிலுள்ள ஈரத்தையும் தன் வேரால் பிடித்துக்கொள்ளும். இந்த வித்தியாசம் தெரியாமல் தொட்டியில் செம்மண்ணும் எருவும் போட்டு நட்டு, ஒரு மாதத்தில் அழுக விட்டவர்கள் நிறைய.

செருப்புப் பூ ஏன் நம்ம ஊரில் வராது?

லேடீஸ் ஸ்லிப்பர் என்ற பெயரில் இரண்டு விதமான செடிகள் சொல்லப்படுகின்றன. இரண்டுக்குமே பூவின் அடி இதழ் குழந்தையின் செருப்பு மாதிரி குழிந்து இருக்கும்.

முதலாவது சிப்ரிபீடியம். குளிர் நாட்டுக்காரர்கள் தொட்டியில் வைத்து வெளியிலேயே விடுவது இதைத்தான். இந்தியாவில் இமயமலையில் சில வகைகள் உண்டு. குளிர்காலம் வந்ததும் இலை, தண்டு எல்லாம் காய்ந்து, மண்ணுக்கடியில் கிழங்கு மாதிரியான தண்டு மட்டும் தூங்கும். மேலே பனி மூடிக் கிடக்கும். சுமார் 3 மாதம் அந்தக் கடும் குளிர் கிடைத்தால்தான் அடுத்த வருடம் துளிர் விட்டுப் பூக்கும். பனியைத் தாங்கும் என்று விற்பவர் சொல்வது உண்மைதான். ஆனால் பனி இல்லாவிட்டால் அதற்கு வாழ்க்கையே இல்லை என்பதைச் சொல்வதில்லை. நம்ம ஊரில் மார்கழி, தை ராத்திரியில்கூட 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும். சில நாள் தாண்டும். கிழங்கை ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர் காட்டினாலும், வெளியே எடுத்தால் கோடை வெயிலில் வேர் வெந்துபோகும்.

இரண்டாவது பாபியோபெடிலம். இது கொஞ்சம் வெப்பம் தாங்கும் நாடுகளில் வளர்வது. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே செருப்புப் பூ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பெயர் பாபியோபெடிலம் துரூரி. தமிழ்நாடு, கேரள எல்லையில் அகத்தியமலைப் பகுதியில் மட்டும் இருக்கிறது. மஞ்சள் பூ. இதழ் நடுவில் கரும்பழுப்புக் கோடு ஓடும். அழகுக்காக ஆட்கள் தோண்டித் தோண்டி எடுத்ததில் காட்டில் அழியும் நிலைக்கு வந்துவிட்டது. திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் ஆய்வுக்கூடத்தில் இதன் கன்றுகளை வளர்த்து மறுபடி மலையில் நட முயற்சி எடுத்திருக்கிறது. குளிர்ந்த மலையின் செடி அது. நம் மொட்டை மாடிக்கு வந்தால் பிழைக்காது.

சட்டமும் இருக்கிறது, தெரிஞ்சுக்கணும்

"மலையிலிருந்து நேரா எடுத்து வந்தது" என்று சொல்லி யாராவது ஆர்கிட் விற்றால், அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சில செடிகளுக்கும் பாதுகாப்பு உண்டு. பாபியோபெடிலம் செருப்புப் பூக்களும், நீல வாண்டா என்ற ஆர்கிட்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. காட்டிலிருந்து இவற்றைப் பிடுங்குவது குற்றம். உரிமம் இல்லாமல் வளர்த்து விற்பதும் குற்றம். வாங்குபவரும் உரிமம் பெற்ற விற்பனையாளரிடம்தான் வாங்க வேண்டும். சட்டத்தில் 2022இல் திருத்தம் வந்தபோதும் செடிகளுக்கான இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. வெளிநாட்டிலிருந்து தபாலில் கிழங்கு வரவழைப்பதற்கும் அனுமதிச் சீட்டுகள் வேண்டும்.

"நாம ரெண்டு தொட்டிதானே வளர்க்கிறோம், யாரு கேட்கப் போறா?" என்று நினைக்கலாம். குழுக் கடனில் வாங்கி, குழு பெயரில் கண்காட்சியில் வைத்து விற்கும்போது கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியது முழுக் குழுவும்தான்.

விதைப் பாக்கெட்டை நம்ப வேண்டாம்

கைப்பேசியில் நீல ஆர்கிட், ரோஜா நிறத்தில் புறா மாதிரி ஆர்கிட் என்று படம் போட்டு விதை விற்கிறார்கள். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆர்கிட் விதை நம் தொட்டியில் முளைக்காது.

காரணம் இருக்கிறது. அவரை விதையைப் பிளந்தால் உள்ளே இரண்டு பருப்பு இருக்கிறதல்லவா? முளைக்கும் குருத்துக்கு அதுதான் முதல் சாப்பாடு. ஆர்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். உள்ளே சாப்பாடே கிடையாது. காட்டில் ஒரு வகைப் பூஞ்சைதான் அதற்கு உணவு ஊட்டி முளைக்க வைக்கிறது. லூயிஸ் நட்ஸன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1922இல், சர்க்கரையும் சத்தும் கலந்த கூழில், கண்ணாடிக் குடுவைக்குள், பூஞ்சை இல்லாமலே விதையை முளைக்க வைக்கும் முறையை வெளியிட்டார். ஆய்வுக்கூடத்தில் கன்று வளர்க்கும் இன்றைய தொழில் அந்த வழியில் வளர்ந்ததுதான். அந்த வசதி இல்லாத வீட்டில் விதை வாங்குவது காசைக் கரைப்பது. கடையில் விற்கும் பளிச்சென்ற நீல ஆர்கிட்டும் பெரும்பாலும் வெள்ளைப் பூவுக்குச் சாயம் ஏற்றியதுதான். அடுத்த பூ வெள்ளையாகத்தான் வரும்.

நம் ஊருக்கு ஏற்றது டென்ட்ரோபியம்

கல்யாண மேடைப் பூ என்று மேலே சொன்னோமே, அதுதான் டென்ட்ரோபியம். தாய்லாந்து நாடு இந்தப் பூவை உலகம் முழுக்க ஏற்றுமதி செய்கிறது. அங்கேயும் நம்ம ஊர் மாதிரி வெப்பமும் புழுக்கமும்தான். அதனால் நிழல்வலை ஒன்று கட்டினால் தாம்பரத்தில் வெளியிலேயே வளர்க்கலாம்.

இதிலும் கவனம் வேண்டும். டென்ட்ரோபியத்தில் கரும்பு மாதிரி கணுக்கணுவாகத் தண்டு இருக்கும். சில வகையில் தண்டு முழுக்க கணுவுக்குக் கணு பூக்கும். அதை நோபிலே வகை என்பார்கள். அது பூக்கக் குளிர்ந்த ராத்திரி வேண்டும், நமக்கு வேண்டாம். தண்டின் நுனிப் பக்கத்திலிருந்து நீளக் காம்பு விட்டு வரிசையாகப் பூக்கும் வகைதான் நமக்கு. சோனியா என்ற ஊதா வெள்ளை வகையும், எம்மா ஒயிட் என்ற வெள்ளை வகையும் பெயர் பெற்றவை.

நம் சமவெளியில் மாமரத்திலும் புளியமரத்திலும் தானாக வளரும் வாண்டா டெஸ்ஸல்லாட்டா என்ற ஆர்கிட்டும் உண்டு. வெயிலுக்கு அசராது. அதை மரத்திலிருந்து பிய்த்து வராதீர்கள். இருக்கிற மரத்தில் இருக்கட்டும்.

செடி வாங்கும்போது பார்க்க வேண்டியது

1. பூவோடு இருக்கும் செடியாக வாங்குங்கள். வகை, நிறம் ஏமாறாமல் தெரியும்.
2. குறைந்தது 3 தண்டாவது இருக்க வேண்டும். அடியில் புதுக் குருத்து இருந்தால் இன்னும் நல்லது.
3. தொட்டியைத் தூக்கி வேரைப் பாருங்கள். காய்ந்திருக்கும்போது வெள்ளையாக, கெட்டியாக இருக்க வேண்டும். தண்ணீர் பட்டால் பச்சையாக மாறும். பழுப்பாக, அழுத்தினால் நசுங்கினால் அழுகல்.
4. இலையில் கருப்பான ஈரப்புள்ளி, இலையடியில் வெள்ளை மாவுப்பூச்சி இருந்தால் வாங்க வேண்டாம்.
5. வீட்டுக்கு வந்ததும் மற்ற செடிகளோடு சேர்க்காமல் 2 வாரம் தனியாக வைத்துப் பாருங்கள்.

தொட்டியும் கரியும்

பெரிய தொட்டி வேண்டாம். 4 முதல் 6 அங்குலத் தொட்டி போதும். இந்தச் செடிக்கு இடுக்கமாக இருப்பதுதான் பிடிக்கும். பெரிய தொட்டியில் ஈரம் தங்கி வேர் அழுகும். மண் தொட்டி என்றால் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை வேண்டும். பக்கமெல்லாம் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் கூடையும் நல்லது.

மண், எரு, மணல் எதுவும் போடக் கூடாது. போட வேண்டியவை மூன்று:

மரக்கரி: இஸ்திரிக் கடையில் போடுகிற கரிதான். ஒன்று, ஒன்றரை அங்குலத் துண்டாக உடைத்து, தூசி போகக் கழுவிக்கொள்ளுங்கள்.

ஓட்டுச்சில்லு அல்லது செங்கல் துண்டு: தொட்டி அடியில் போட, காற்றும் தண்ணீரும் தடையில்லாமல் போகும். தொட்டியும் காற்றுக்குச் சாயாது.

தேங்காய் மட்டைத் துண்டு: பச்சை மட்டை வேண்டாம், காய்ந்தது. 2, 3 நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். மட்டையில் உள்ள உப்பும் கறையும் இறங்கிவிடும்.

அடியில் கால் பங்கு ஓட்டுச்சில்லு, அதன்மேல் கரி இரண்டு பங்கு, மட்டை ஒரு பங்கு என்று கலந்து நிரப்புங்கள். செடியின் வேர் மட்டும் கரிக்குள் இருக்க வேண்டும். தண்டு புதையக் கூடாது, புதைந்தால் அழுகும். வேர் பிடிக்கும்வரை செடி ஆடக் கூடாது. ஒரு குச்சி நட்டு, பழைய புடவைத் துணியைக் கிழித்து இதமாகக் கட்டிவிடுங்கள். மட்டை மக்கிப்போகும், கரியில் உப்பு ஏறும். அதனால் 2 வருடத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் புதிதாக மாற்ற வேண்டும்.

நிழலும் இடமும்

50 சதவீத நிழல்வலை சரியானது. கடைக்காரர் 75 சதவீதம் கொடுத்தால், செடி பச்சைப் பசேலென்று இருக்கும், பூ வராது. இலை நிறமே கணக்குச் சொல்லும். லேசான மஞ்சள் கலந்த பச்சை என்றால் வெளிச்சம் சரி. கரும்பச்சை என்றால் நிழல் அதிகம். வெளுத்து, பிறகு காய்ந்த திட்டு விழுந்தால் வெயில் சுட்டுவிட்டது.

காலை வெயில் படும் கிழக்குப் பக்கம் சிறந்தது. வேப்பமரம், மாமரத்தின் சல்லடை நிழலிலும் தொங்கவிடலாம். முருங்கை மரத்தடியில் வேண்டாம், கம்பளிப்பூச்சி விழும்.

மொட்டை மாடியில் வைப்பவர்கள் தளத்தில் நேராக வைக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் சிமெண்ட் தளத்தின் சூடே வேரை வேக வைக்கும். 2 அடி உயர ஸ்டாண்டில் வையுங்கள். கீழே ஈரச்சாக்கு விரித்தால், அது காயக் காய செடியைச் சுற்றிக் குளிர்ச்சியும் ஈரப்பதமும் இருக்கும்.

தண்ணீர்தான் நம் பெரிய பிரச்சினை

நம் பகுதியில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. குழாய் வாயில் வெள்ளையாகப் படிவதே சாட்சி. மல்லியும் செம்பருத்தியும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஆர்கிட் பொறுக்காது. அதன் வேர் மேல் பஞ்சு மாதிரி ஒரு உறை இருக்கிறது. அதுதான் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். உப்புத் தண்ணீர் காயக் காய அந்த உறையில் உப்பு படிந்து, வேர் நுனி கருகும். பிறகு இலை நுனி கருகும். "தண்ணி ஊத்திக்கிட்டேதான் இருக்கேன், ஆனாலும் காயுது" என்று சொல்லும் வீட்டில் முதலில் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும்.

சுத்திகரிப்பு மெஷின் பழுது பார்க்க வருபவரிடம் பேனா மாதிரி ஒரு கருவி இருக்கும். தண்ணீரில் விட்டால் உப்பு அளவைக் காட்டும். 300க்குக் கீழே இருந்தால் நல்லது. 500க்கு மேலே என்றால் அதை மட்டுமே நம்பி ஆர்கிட் வளர்க்காதீர்கள்.

மாற்று வழிகள் இருக்கின்றன:

மழைநீர்: எல்லாவற்றிலும் சிறந்தது. தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டதால் பல வீட்டில் குழாய் ஏற்கெனவே இருக்கிறது. முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை விட்டுவிட்டு, அடுத்ததை டிரம்மில் பிடியுங்கள். வாயைத் துணியால் இறுகக் கட்டுங்கள். இல்லாவிட்டால் டெங்கு கொசு முட்டையிடும்.

ஏசி மெஷினில் சொட்டும் தண்ணீர்: உப்பு இல்லாதது. வேலைக்குப் போகும் வீட்டில் கேட்டுப் பிடித்து வரலாம்.

சுத்திகரிப்பு மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர்: இதை ஊற்றவே கூடாது. வீணாகிறதே என்று ஊற்றினால், போர் தண்ணீரைவிட உப்பு அதிகமானதை ஊற்றுகிறோம் என்று அர்த்தம்.

போர் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்ற நிலை வந்தால், வாரம் ஒரு நாளாவது மழைநீரோ நல்ல தண்ணீரோ நிறைய ஊற்றி, தொட்டியில் படிந்த உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள்.

ஊற்றும் நேரம்: காலை 6 முதல் 8 மணி. கோடையில் பிற்பகல் 3, 4 மணிக்கு இன்னொரு முறை. இருட்டுவதற்குள் இலையும் குருத்தும் காய்ந்துவிட வேண்டும். உச்சி வெயிலில் சூடான இலைமேல் ஊற்றாதீர்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்க வேண்டாம்.

உரம்

கரியில் சத்து கிடையாது. அதனால் நாம்தான் கொடுக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 நீரில் கரையும் உரம், 1 லிட்டர் தண்ணீருக்கு 1 முதல் 2 கிராம், வாரம் ஒரு முறை தெளிக்கலாம். முதல் நாள் வெறும் தண்ணீர் ஊற்றி வேரை நனைத்த பிறகு தெளிப்பது நல்லது. காய்ந்த வேரில் உரம் பட்டால் சுடும்.

பஞ்சகவ்யா தயாரிக்கும் குழுக்கள் அதையும் பயன்படுத்தலாம். மற்ற பயிர்களுக்கு வழக்கமான அளவு லிட்டருக்கு 30 மில்லி. ஆர்கிட்டுக்கு அதில் பாதி அளவில் ஆரம்பியுங்கள். நன்றாக வடிகட்டுங்கள். கசடு கரியை அடைத்தால் காற்றோட்டம் போய்விடும்.

ஐப்பசி, கார்த்திகை மழை

கோடையில் செடியைக் காப்பாற்றிவிடுகிறோம். நம் ஊரில் ஆர்கிட் அதிகம் சாவது வடகிழக்குப் பருவமழையில்தான். நாள் கணக்கில் அடைமழை பெய்தால், குருத்தில் தண்ணீர் நின்று கருப்பு அழுகல் நோய் வரும். இரண்டே நாளில் தண்டு முழுக்கக் கருத்துவிடும்.

அக்டோபர் முதல் டிசம்பர்வரை நிழல்வலைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைச் சாய்வாகக் கட்டுங்கள். நாலு பக்கமும் திறந்தே இருக்கட்டும், காற்று வேண்டும். தொட்டிகளை ஒன்றோடொன்று இடிக்காமல் தள்ளி வையுங்கள். மழை நாட்களில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

புயல் எச்சரிக்கை வந்தால் வலையையும் தாளையும் அவிழ்த்து, தொட்டிகளை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயலில் மரங்களே வேரோடு சாய்ந்ததை மறந்திருக்க மாட்டோம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையும் முடிச்சூர் பக்கத்தை மூழ்கடித்தன. தாழ்வான தெருவில் இருப்பவர்கள் செடிகளைத் தரையில் வைக்கவே வேண்டாம்.

பூச்சியும் நோயும்

நத்தை: மழைக்குப் பிறகு ராத்திரியில் வந்து வேர் நுனியையும் மொட்டையும் தின்னும். டார்ச் அடித்துக் கையால் பொறுக்குங்கள். வெள்ளரித் துண்டு வைத்தால் அதில் வந்து கூடும், எடுத்துவிடலாம்.

மாவுப்பூச்சி, செதில் பூச்சி: சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

இலைப்பேன்: மொட்டு சுருங்கி, பூவில் பழுப்புக் கீறல் விழும். வேப்பெண்ணெய், லிட்டருக்கு 3 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம்.

கருப்பு அழுகல்: கருத்த பகுதிக்கு ஒரு அங்குலம் கீழே, நல்ல பகுதி தெரியும்வரை வெட்டி எடுத்து எரித்துவிடுங்கள். வெட்டிய வாயில் சமையலறைப் பட்டையை இடித்துத் தூளாகத் தடவுங்கள். வேரில் பட்டைத்தூள் படக் கூடாது, வேர் காயும். உரக்கடையில் செம்பு கலந்த பூஞ்சை மருந்து கொடுத்தால் வாங்காதீர்கள், அது டென்ட்ரோபியத்துக்கு ஒத்துக்கொள்ளாது.

வெட்டும் கத்தி, பிளேடு எதுவானாலும் ஒவ்வொரு செடிக்கும் முன்பு அடுப்புத் தீயில் காட்டிச் சூடாக்கி, ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். ஒரு செடியின் வைரஸ் நோய் கத்தி வழியாக அடுத்த செடிக்குப் போகும். வைரஸ் வந்த செடிக்கு மருந்தே கிடையாது.

பூவும் குட்டியும்

நன்றாக வளர்ந்த செடியில் வருடத்துக்குச் சில காம்புகள் வரும். ஒரு காம்பில் 8, 10 பூக்கள். செடியிலேயே விட்டால் ஒரு மாதம்போல நிற்கும். வெட்டி விற்பதானால், நுனியில் ஓரிரு மொட்டு தவிர மற்றவை விரிந்த பிறகு வெட்டுங்கள். மொட்டாக வெட்டினால் பிறகு விரியாது.

பூத்து முடிந்த பழைய தண்டை வெட்டிப் போடாதீர்கள். அதில் சத்தும் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது, புதுக் குருத்துக்கு அதுதான் சேமிப்புக் கணக்கு. சில பழைய தண்டின் கணுவில் குட்டிச்செடி முளைக்கும். அதில் 2, 3 அங்குல நீளத்துக்கு வேர் வந்ததும் வெட்டித் தனித் தொட்டியில் வைக்கலாம். 6, 7 தண்டு சேர்ந்த செடியை, பக்கத்துக்கு 3 தண்டு இருக்கும்படி இரண்டாகப் பிரிக்கலாம். புதுக் குருத்தில் வேர் வரும் நேரத்தில் பிரித்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

கடன் வாங்கலாமா? கணக்குப் போடுவோம்

கணக்குப் போடும் முறையைக் காட்டத்தான் இந்த விலைகளைப் போட்டிருக்கிறோம். உங்கள் பக்கத்து நாற்றங்கால் விலையைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

10 செடி, ஒன்று 250 ரூபாய்: 2,500
10 தொட்டி, ஒன்று 50 ரூபாய்: 500
கரி, ஓட்டுச்சில்லு, மட்டை: 200
நிழல்வலை, கம்பு, கட்டுக்கம்பி: 800
மொத்தம்: 4,000 ரூபாய்

இதை மாதம் 100க்கு 1 ரூபாய் வட்டியில் குழுக் கடனாக வாங்கி, மாதம் 400 ரூபாய் அசல் கட்டினால், 10 மாதத்தில் முடியும். வட்டி மொத்தம் 220 ரூபாய். பார்க்கச் சின்னத் தொகைதான். ஆனால் தவணை அடுத்த மாதமே தொடங்கும். செடியைப் பிரித்து விற்க ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். இரண்டு வருடத்தில் ஒவ்வொரு செடியிலிருந்தும் ஒன்று பிரித்து, 10 தொட்டியை 300 ரூபாய்க்கு விற்றாலும் 3,000 ரூபாய்தான். போட்ட பணமே முழுசாகத் திரும்பவில்லை. தாய்ச்செடி 10 கையில் இருக்கிறது, அதற்கடுத்த வருடங்களில்தான் லாபம். இதற்கிடையில் மழையில் 3 செடி போனால் கணக்கு இன்னும் தள்ளிப்போகும்.

அதனால் நம் கருத்து இதுதான். ஆர்கிட்டை மட்டும் நம்பித் தவணைக் கடன் வாங்க வேண்டாம். ஏற்கெனவே குரோட்டன்ஸ், துளசி, மல்லி நாற்று விற்பவர்கள், அந்த லாபத்தில் 2, 3 செடி வாங்கி ஒரு கோடையும் ஒரு பருவமழையும் தாண்ட வைத்துப் பாருங்கள். தாண்டினால், உங்கள் தண்ணீரும் இடமும் ஒத்துக்கொள்கிறது என்று பொருள். பிறகு பெருக்கலாம்.

பூவை வெட்டி விற்பதைவிட, பூத்த தொட்டியாக விற்பது நமக்குச் சரிப்படும். பூக்கடைக்காரருக்கு ஒரே நீளத்தில், ஒரே நிறத்தில், வாராவாரம் கட்டுக்கட்டாக வேண்டும். 10 தொட்டியில் அது முடியாது. மேடை அலங்காரத் தேவையும் கல்யாணம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் குறைந்துவிடும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தொட்டிச்செடி வாங்குபவர்கள் நம்மைச் சுற்றியே இருக்கிறார்கள். விற்கும்போது வளர்ப்பு முறையையும் ஒரு சின்னத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தால், செடி பிழைக்கும், அவர்கள் மறுபடி நம்மிடமே வருவார்கள்.

மாத வேலை ஒரு பார்வையில்

ஜனவரி, பிப்ரவரி: பிளாஸ்டிக் தாளை எடுத்துவிட்டு வெளிச்சம் காட்டுங்கள். கரி, மட்டை மாற்றவும் செடி பிரிக்கவும், புது வேர் தெரிந்தால், மாசி மாதம் நல்ல நேரம்.
மார்ச் முதல் ஜூன்: வலை கிழிசலைத் தையுங்கள். இரண்டு வேளைத் தண்ணீர், கீழே ஈரச்சாக்கு.
ஜூலை முதல் செப்டம்பர்: செடி வேகமாக வளரும் நேரம். வாராவாரம் உரம். இலைப்பேன் கவனம்.
அக்டோபர் முதல் டிசம்பர்: மழைத்தாள், நத்தை, அழுகல், புயல் எச்சரிக்கை. உரம் குறைவு.

சந்தேகம் வந்தால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரிக்கலாம். ஏற்காட்டுக்குச் சுற்றுலா போகும் குழுக்கள், இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தேசிய ஆர்கிட் தோட்டத்தைத் தேடிப் பாருங்கள். காட்டில் எடுக்கக் கூடாத செடிகளைக் கண்ணால் பார்க்கவாவது ஒரு இடம்.

குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள்

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படியுங்கள். பிறகு இந்த மூன்று கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்:

நம் தெருத் தண்ணீரின் உப்பு எவ்வளவு?
யாராவது செடியோ விதையோ விற்க வந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்டோமா?
செடிக்காகக் கடன் கேட்கும் உறுப்பினருக்கு, முதல் தவணை கட்ட வேறு வருமானம் இருக்கிறதா?

மூன்றுக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு தொட்டி வாங்கப் போகலாம்.